மயிலிட்டிக்குப் போன ஆறு நட்டுகள்

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இதை எழுதுகிறேன். நட் வாங்க வருகிற ஆள் ஓர் அளவைச் சொல்லிக்கொண்டுதான் வருவார். அந்த அளவைக் காது கொடுத்துக் கேளுங்கள். தலையையும் ஆட்டுங்கள். ஆனால் நம்பிவிடாதீர்கள்.

இதைச் சொல்ல இவர் யார் என்று கேட்பீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. மூட்டை தூக்குகிற ஆளாக ஓர் இரும்புக்கடைக்குள் நுழைந்தவன், கடைசியில் சுன்னாகத்தில் சொந்தமாக ஒரு கடை போட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் போகும்வரை அதை நடத்தினேன். வலிகாமத்தில் தோட்டத்துக்கு இறைக்கிற மிசின் எதைக் கழற்றிப் பார்த்தாலும் என் கடை நட் ஒன்றாவது அதில் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் இந்த இடத்தில் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நட்டும் போல்ட்டும் இரண்டு குடும்பங்களாக இருக்கின்றன. ஒன்று அங்குலக் குடும்பம். பழைய இங்கிலாந்துக் கார்கள், பழைய உழவு இயந்திரங்கள், எங்கள் பாட்டன்மார் காலத்து இறைப்பு மிசின்கள் எல்லாம் அதில் சேர்த்தி. மற்றது மில்லிமீற்றர்க் குடும்பம். ஜப்பான் எஞ்சினும் இப்போது வருகிற எல்லாமும் அது. எங்கள் ஊர் ஆட்கள் இரண்டையும் ஒரே வாயால் கேட்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே அரை அங்குலம் என்றால் நாலு நூல். பன்னிரண்டு மில்லிமீற்றர் போல்ட் அரை அங்குலத்தைவிடக் கொஞ்சம்தான் மெலிவு. கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதற்கும் நாலு நூல் என்றுதான் பெயர். இன்னொரு வில்லங்கம், இரண்டு நட்டின் தலைக்கும் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பனர் அளவாகப் பொருந்தும். ஸ்பனர் பொருந்தினால் நட் சரி என்று நினைக்கிறவன் பாதி வழியிலேயே நின்றுவிட்டான். ஸ்பனர் வெளியே பிடிக்கிறது. திருகு ஓடுகிற மரை உள்ளே இருக்கிறது.

பிழைகளிலும் நல்ல பிழை, கெட்ட பிழை உண்டு. எட்டு மில்லிமீற்றர் நட்டுக்குள் இரண்டரை நூல் போல்ட்டைச் செலுத்திப் பாருங்கள். இரண்டு சுற்று போகும், பிறகு இறுகி நிற்கும். கை உடனே சொல்லிவிடும். அது நல்ல பிழை. பன்னிரண்டு மில்லிமீற்றர் நட்டை அரை அங்குல போல்ட்டில் போட்டால் வாயிலேயே பிடிக்காது. அதுவும் நல்ல பிழை. மாறி நடந்தால்தான் கெட்டது. நெருக்கமான மரை, அதாவது நாங்கள் பைன் மரை என்று சொல்வது, அதில் பன்னிரண்டு மில்லிமீற்றர் போல்ட்டில் அரை அங்குல நட்டைப் போட்டால் விரலாலேயே கடைசி மட்டும் ஓடிப்போய் இருக்கும். ஸ்பனர் வைத்தால் இறுகவும் செய்யும். சரியாகப் போட்டதுபோலவே இருக்கும். நட் பெரிசு, போல்ட் மெலிசு. மரையின் நுனி மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்.

இந்தக் கலப்படம் எங்கள் பக்கத்தில் அதிகம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போரும் தடையும் இருந்து சாமான் எதுவும் வராத காலத்தில் கிடைத்ததைக் கிடைத்ததில் பூட்டி ஓட்டிய ஆட்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடியது. அந்தக் காரின் போல்ட் இறைப்பு மிசினுக்குப் போனது. மிசினின் நட் வள்ளத்துக்குப் போனது. ஆகவே ஒரு சாமானைப் பார்த்து, இது ஜப்பான், இதற்குள் மில்லிமீற்றர்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய இயந்திரத்துக்குள் என்ன இருக்கும் என்பது அதைக் கடைசியாகக் கழற்றியவனுக்கே தெரியாது.

நான் தொழில் பழகிய கடை முதலாளி அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. ஒருநாள் ஒரு சாக்கு நிறையக் கலந்து கிடந்த பழைய நட்டுகளை நிலத்தில் கொட்டி, "பிரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் பிரித்தேன். விரல் நுனி தோல் உரிந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு நட்டைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. தொட்டால் தெரிந்தது. அவர் வந்து பார்த்தார். ஒரு குவியலில் கையை விட்டு ஒரு நட்டை எடுத்து மற்றக் குவியலில் போட்டார். "ஒண்டுதான் பிழை. ஆனா அந்த ஒண்டை வாங்கிறவனுக்கு முழுக்கப் பிழை" என்றார். அவர் எனக்குச் சொன்ன இன்னொரு வாசகம்: "அளவைக் கேளாதை. என்னத்துக்கு எண்டு கேள்."

இனி மயிலிட்டிக் கதைக்கு வருகிறேன்.

துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பவும் சனத்திடம் வந்து, வள்ளங்கள் இறங்கத் தொடங்கிய பிறகு நடந்தது. சோளகக் காற்று அடிக்கிற காலம். எங்கள் வடகரையில் சோளகம் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. எஞ்சின் ஓடுகிறவனுக்கு அது நல்ல காலம். எஞ்சின் நின்றுபோனவனை அது கரைக்குத் திருப்பி அனுப்பாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கடையின் பின்பக்கம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். முன்னால் சுகந்தி நின்றாள். என் கடையில் வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கெட்டிக்காரி. ஓர் ஆள் அவசரமாக வந்து, மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய நட் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார்.

"அக்கா, நாலு நூல் நட் ஆறு. பைன் மரை. கெதியாத் தாங்கோ, ஐஸ் ஏத்தியாச்சு."

சொல்லிவிட்டு அவர் தொலைபேசியைக் காதில் வைத்து வேறு ஆளோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். சுகந்தி மாதிரி நட்டில் பத்தொன்பதாம் ஸ்பனரைக் கொழுவிப் பார்த்தாள். பொருந்தியது. நாலு நூல் பைன் மரைப் பெட்டியிலிருந்து ஆறு எடுத்துக் கொடுத்தாள். ஆள் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஐயா, அந்த அண்ணை பழைய நட்டை விட்டிட்டுப் போயிட்டார்" என்று அதை என்னிடம் கொண்டுவந்து தந்தாள்.

பழைய இரும்பு சேர்க்கிற தகர ரின்னில் போடத்தான் வாங்கினேன். ஆனால் என் கை சும்மா இருக்கிற கை இல்லை. என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கம்பிகளில் போல்ட்டுகள் கோத்துத் தொங்கும். ஒரு கம்பி முழுக்க அங்குலம், மற்றது முழுக்க மில்லிமீற்றர். எந்த நட் வந்தாலும் அதில் ஓட்டிப் பார்க்க நானே செய்து தொங்கவிட்டவை. இன்றைக்கு வேறு கடைகளிலும் அப்படித் தொங்குவதைப் பார்த்தால், அது எங்கேயிருந்து போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பழைய நட்டை அரை அங்குல போல்ட்டில் வைத்தேன். பிடிக்கவில்லை. பன்னிரண்டு மில்லிமீற்றர் பைன் மரையில் வைத்தேன். ஓடிப் போய் இருந்தது.

தேநீரை வைத்துவிட்டு எழும்பினேன்.

"சுகந்தி, உவர் எங்கத்தை ஆள்?"

"மயிலிட்டி எண்டவர். வள்ளத்துக்காம். பின்னேரம் கடலுக்குப் போகினமாம்."

"வள்ளத்திலை என்னத்துக்கு?"

"கப்ளிங்குக்கு எண்டு போனிலை ஆருக்கோ சொல்லிக்கொண்டு நிண்டவர்."

வள்ளம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சின் சுற்றுகிற சுற்றை வெளியே தண்ணீருக்குள் இருக்கிற விசிறிக்குக் கொண்டுபோவது ஒரு நீளமான இரும்புத் தண்டு. எஞ்சினும் தண்டும் சந்திக்கிற இடத்தில் இரண்டு வட்டத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து, சுற்றிவர நான்கு போல்ட்டால் பூட்டியிருக்கும். அதுதான் கப்ளிங். அது விட்டால் எஞ்சின் ஓடும், வள்ளம் ஓடாது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. விட்ட தண்டு பின்னால் நழுவினால், அது வெளியே போகிற துவாரத்தால் கடல் உள்ளே வரும்.

சுகந்தி நாலு நூல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் கேட்டதைத்தானே ஐயா குடுத்தனான்?"

"ஓம் பிள்ளை. கேட்டதைத்தான் குடுத்தனி. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா அது அந்த வள்ளத்துக்குத் தெரியாது."

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆளின் பெயர் தெரியாது, தொலைபேசி எண் தெரியாது. மயிலிட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லலாம். அவர் துறைமுகத்தில் இன்னொருவருக்குச் சொல்லுவார். அந்த இன்னொருவர் வள்ளத்தடியில் நின்று, "நட் சரியோ எண்டு கடைக்காரர் கேக்கிறார்" என்பார். வள்ளத்தில் உள்ளவன் ஸ்பனரை வைத்து இழுத்துப் பார்த்து, "இறுக்கமா இருக்கெண்டு சொல்லு" என்பான். கதை முடிந்தது. இறுகுகிற பிழையைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த ஏலாது. நேரில் போகவேண்டும்.

போகும்போது என்ன கொண்டுபோவது என்பது அடுத்த யோசனை. வேறொருவன் என்றால் ஆறு நட்டை அள்ளிக்கொண்டு ஓடியிருப்பான். நான் பன்னிரண்டு மில்லிமீற்றர் நட்டுகளோடு, அதற்குரிய வைரமான, அதாவது கடினமான போல்ட்டுகளையும் எடுத்தேன். தலையில் பலத்தைச் சொல்கிற எண் அடித்த போல்ட்டுகள். எண் இல்லாத போல்ட்டை எஞ்சின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அங்கே பிழையான நட்டை இறுக்கிய வேகத்தில் அவர்களுடைய போல்ட்டின் மரையும் தேய்ந்திருக்கலாம். அப்படியென்றால் வெறும் நட்டோடு போய் நிற்கிற நான் அவர்களுடைய பயணத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன். பழைய நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

தெல்லிப்பழை தாண்டி மயிலிட்டிக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பற்றி எழுதினால் பொலிஸ்காரர் கோபிப்பார்கள். விடுவோம்.

துறைமுகத்தில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. என் கடைக்கு வந்த ஆளை ஒரு மூன்றரைத் தொன் வள்ளத்தில் கண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி மூடிக் கயிறும் கட்டியாயிற்று. வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியார் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில் நின்றார். என் வயது இருக்கும். பெயர் அந்தோனிப்பிள்ளை. நட் வாங்க வந்தவர் றெஜி, அவருடைய மருமகன். எஞ்சின் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. கயிற்றை அவிழ்க்கக் குனிந்து நின்றவன் சம்மாட்டியாரின் மகன். ஒரே வீட்டு ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே வள்ளத்தில்.

"சம்மாட்டியார், எஞ்சினை நிப்பாட்டுங்கோ. நான் இரும்புக்கடையிலை இருந்து வாறன். உங்கடை ஆள் வாங்கின நட் உந்தப் போல்ட்டுக்கு உரியதில்லை."

அவர் பதில் சொல்ல முன்னம் றெஜி நிமிர்ந்தார். "என்ன கதை உது? பூட்டி இறுக்கியாச்சு. கல்லு மாதிரி நிக்குது. நாலு நூல் கேட்டனான், நாலு நூல் தந்தவை."

"நீர் கேட்டதும் சரி, என்ரை கடை தந்ததும் சரி. உம்மடை போல்ட் நாலு நூல் இல்லை, தம்பி."

கரையில் நின்று பக்கத்து வள்ளத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். "முதலாளிக்கு ஆறு நட் வித்தது காணாதாம். இன்னும் ஆறு விக்க வந்திருக்கிறார்" என்றான் ஒருவன். "மரை கழண்டது நட்டுக்கோ, முதலாளிக்கோ?" என்றான் மற்றவன். நல்ல சிரிப்பு.

சம்மாட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் என் மோட்டார் சைக்கிளில் படிந்திருந்த புழுதியையும் பார்த்தார். "சுன்னாகத்திலை இருந்தோ வாறியள்?"

"ஓம்."

"கொஞ்ச நேரம்தான் தருவன். அதுக்கு மேலை ஐஸ் கேக்காது" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வள்ளத்துக்குள் இறங்கினேன். றெஜியின் ஸ்பனரை வாங்கி முதல் நட்டில் வைத்து இறுக்குகிற பக்கம் இழுத்தேன். மரை உருவிக்கொண்டு வந்துவிடும், எல்லோரும் வாயை மூடுவார்கள் என்பது என் கணக்கு. நட் அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். அப்போதும் நின்றது. கரையில் சிரிப்பு இன்னும் கூடியது.

"சொன்னனான்தானே?" என்றார் றெஜி.

தம்பிமாரே, தங்கைமாரே, தொழிலில் இந்த இடம்தான் முக்கியம். நீங்கள் சொன்னது சரி. ஆனால் எல்லோருக்கும் முன்னால் அது பிழைபோலத் தெரிகிறது. இரண்டு வழிகள் இருந்தன. ஒரு குழாயை ஸ்பனரில் செருகி முழுப் பலத்தையும் போட்டு உருவியிருக்கலாம். என் கையில் அப்போது பலம் இருந்தது. ஆனால் உருவினால், "நட்டிலை பிழையில்லை, கிழவன் இழுத்து உடைச்சுப் போட்டான்" என்றுதான் சொல்லுவார்கள். அல்லது, "சரி, உங்கள் விருப்பம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். அப்படி ஏறுகிறவன் நட் விற்கலாம். கடை நடத்த ஏலாது.

நான் நட்டை இறுக்குவதை விட்டுவிட்டுக் கழற்றினேன். முழுக்கக் கழற்றவில்லை. பாதி மரையில், எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க விட்டேன்.

"சம்மாட்டியார், நீங்கள் வாங்கோ. உதை ரெண்டு விரலாலை பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ."

அவர் வந்து குந்தினார். தடித்த, உப்பு ஊறிய விரல்கள். பிடித்து ஆட்டினார். டிக், டிக் என்று நட் போல்ட்டின்மேல் ஆடியது. அதைக் கழற்றிவிட்டு, என் பைக்குள் இருந்த பன்னிரண்டு மில்லிமீற்றர் நட்டை அதே போல்ட்டில் அதே இடம்வரை ஓட்டினேன்.

"இப்ப ஆட்டுங்கோ."

ஆட்டினார். சத்தமில்லை. திரும்பவும் ஆட்டினார். பிறகு றெஜியைப் பார்த்தார். "கையை வை."

றெஜி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "ஆடுதுதான் மாமா. ஆனா இறுக்கினாப் பிறகு ஆடாதுதானே?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. இப்படிக் கேட்கிறவனிடம் ஒருநாளும் கோபிக்காதீர்கள்.

"இறுக்கத்துக்கு நிக்கும் தம்பி. நானே இழுத்துப் பாத்தனான், நிண்டதுதானே? உம்மடை எஞ்சின் விடியும் மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்துக்கு உது நிக்காது. மரையின்ரை நுனியிலை மட்டும் பிடிச்சிருக்கு. நகத்தாலை மதிலைப் பிடிச்சுத் தொங்கிற மாதிரி. கொஞ்ச நேரம் தொங்கலாம்."

சம்மாட்டியார் எழும்பினார். "கழட்டு எல்லாத்தையும்" என்றார். கரையில் சிரித்தவர்கள் தங்கள் ஐஸைப் பார்க்கப் போனார்கள்.

நாலு நட்டையும் மாற்றினோம். ஒரு போல்ட்டின் மரை நான் நினைத்தபடியே தேய்ந்திருந்தது. நான் கொண்டுபோன போல்ட் அந்த இடத்துக்குப் போனது. சம்மாட்டியார் அதைப் பார்த்துவிட்டு, "போல்ட்டும் கொண்டந்தனீங்களோ?" என்றார். "கொண்டராமல்?" என்றேன். அந்தக் கேள்விக்காகவே கொண்டுபோனவன்போலச் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது. மற்ற வள்ளங்கள் போய்விட்டன. மகன் கயிற்றில் கை வைத்தான். அப்போது நான் கையை நீட்டினேன்.

"மாறின நட்டைத் தாங்கோ."

என் கடை வழக்கம் அது. ஒரு சாமானுக்கு மாற்றுச் சாமான் கொடுத்தால், முதல் கொடுத்தது கடைக்குத் திரும்பி வரவேண்டும். றெஜி கழற்றிய நாலையும் என் உள்ளங்கையில் போட்டார். "ரெண்டு கையிருப்புக்கு வாங்கினது" என்று ஒரு ரின்னைக் கிளறி இன்னொன்றையும் போட்டார். ஐந்து.

"ஆறு தந்தது."

"மற்றது உங்கினேக்கை எங்கையாவது விழுந்திருக்கும். விடுங்கோ முதலாளி."

"ஒரு நட்டுக்காகக் கடலுக்கும் எங்களோடை வருவியள் போலை" என்றான் மகன். அவன் சொன்னதில் பிழையில்லை. அந்த நிமிடம்வரை நான் நட்டைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் கையில் ஐந்து கிடக்கிற பாரமும் ஆறு கிடக்கிற பாரமும் ஒன்றில்லை. அது உறுத்தியது. விழுந்த நட்டால் பயமில்லை. எங்கேயாவது பூட்டின நட்டால்தான் பயம்.

"தம்பி, வடிவா யோசியும். இண்டைக்குக் கப்ளிங்கைத் தவிர வேறை என்னத்தைத் தொட்டனீர்?"

"ஒண்டையும் தொடேல்லை."

"ஸ்பனர் வைச்ச இடம் ஒண்டும் இல்லையோ?"

றெஜி மாமனைப் பார்க்காமல் எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "பின்காலிலை ஒரு நட் கறள் பிடிச்சு இறுகிக் கிடந்தது. உளியாலை வெட்டி எறிஞ்சு போட்டு…"

முடிக்கவில்லை. எண்ணெய்த் தட்டுக்குக் கீழே குப்புறப் படுத்துக் கையை விட்டார். எஞ்சின் நாலு காலில் நிற்கிறது. ஒவ்வொரு காலும் ஒரு போல்ட்டில். பின்கால் தளர்ந்தால் எஞ்சின் இடம் மாறும். எஞ்சின் இடம் மாறினால் கப்ளிங் முறுகும். நான் ஓடிவந்து பூட்டிய நாலு நல்ல நட்டும் அந்த ஒரு கள்ள நட்டிலிருந்து வள்ளத்தைக் காப்பாற்றமாட்டா.

கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இருக்கு மாமா. இப்பவே ஆடுது."

அதுவரை குரல் உயர்த்தாத சம்மாட்டியார் அப்போதுதான் ஏசினார். அதை நான் இங்கே எழுதவில்லை. ஏசி முடித்துவிட்டுத் தானே படுத்து, தானே கையை விட்டு, நான் கொடுத்த நட்டைத் தானே இறுக்கினார். மகன் கயிற்றை விட்டுவிட்டு வந்து விளக்குப் பிடித்தான். சிரிப்பு எதுவும் இல்லை.

பிறகு சம்மாட்டியார் என் கையிலிருந்த ஐந்தையும் வாங்கி, தன் கையிலிருந்த ஆறாவதோடு சேர்த்துக் குலுக்கிப் பார்த்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரப்போகிறார் என்று நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்துத் தண்ணீரில் ஒரே வீச்சாக வீசினார்.

"சம்மாட்டியார்! அது நல்ல நட்டெல்லோ!"

"நல்ல நட்தான். ஆனா என்ரை வள்ளத்திலை கிடந்தா, நடுக்கடலிலை அவசரத்துக்குத் தடவேக்கை முதல் உதுதான் கைக்கு வரும். உங்கடை பொக்கற்றிலை கிடந்தா, போற வழியிலை ஆரும் ஒருத்தன் நாலு நூல் கேட்டு மறிச்சால் குடுத்திட்டுப் போவியள்."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். பல வருடம் நட்டுகளுக்குள் வாழ்ந்த எனக்கு, பிழையான இடத்துக்குப் போய் வந்த நட்டை என்ன செய்வது என்று அந்த மனிதர்தான் காட்டினார். அன்றிலிருந்து என் கடையில், மாறிப்போய்த் திரும்பி வந்த சாமான் நேரே பெட்டிக்குப் போவதில்லை. முதலில் கம்பியில் கோத்த போல்ட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் போகும்.

வள்ளம் புறப்பட்டது. சோளகம் முதுகில் தள்ள, மற்ற வள்ளங்கள் போன திசையில் அது போனது. நான் அது சின்னதாகும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினேன். நட் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நின்றேன்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, பக்கத்துப் பக்கத்தில் இருந்த நாலு நூல் பெட்டியையும் பன்னிரண்டு மில்லிமீற்றர் பெட்டியையும் பிரித்து வேறு வேறு சுவருக்கு மாற்றினேன். சுகந்தி பெட்டியின் மற்றப் பக்கத்தைத் தூக்கினாள். "வள்ளம்?" என்றாள். "போயிட்டுது" என்றேன். அவ்வளவுதான் அன்றைக்குக் கதைத்தது.

அடுத்த நாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. சுகந்திதான் எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்கிற மாதிரி உரத்துக் கதைத்தது. பின்னால் அலைச் சத்தமும் மீன் ஏலம் கூறுகிற சத்தமும்.

"அக்கா, நான் றெஜி. மயிலிட்டி. வந்திட்டம். முதலாளியிட்டைச் சொல்லுங்கோ, மூண்டு பேரும் வந்திட்டம்."

சுகந்தி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேந்து அக்கா, எஞ்சினின்ரை மற்ற மூண்டு காலுக்கும் நட் மாத்த வேணும். பன்னிரண்டு மில்லிமீற்றர், பைன் மரை, எஞ்சின் காலுக்கு. நானே வந்து எடுக்கிறன். எடுத்து வையுங்கோ."

அளவு சொல்லியாயிற்று. மரை சொல்லியாயிற்று. என்னத்துக்கு என்று கேட்க முன்னமே சொல்லியாயிற்று. இதைவிட ஒரு வாடிக்கையாளர் என்ன சொல்லவேண்டும்? நான் எழும்பிப் பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

சுகந்தி என்னைக் கையால் மறித்தாள்.

"சரி அண்ணை" என்றாள் தொலைபேசியில். "வரேக்கை அந்த மூண்டிலையும் ஒவ்வொரு நட்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ. ஓட்டிப் பாத்திட்டுத்தான் தருவன்."

இப்போது அந்தக் கடை அவளுடையது.